ஏலக்காய் பிரிச்ச கை
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



நம்மில் பல பேர் குமுளி மலையேறி ஏலத்தோட்ட வேலைக்குப் போனவங்க. போடியில் காய் பிரிக்க உட்கார்ந்தவங்களும் இருக்கீங்க. 8 மில்லி காயோட சின்னக் காயும் வெடிச்ச காயும் கலந்தா மொத்த மூட்டைக்கும் விலை இறங்கும்னு நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சென்னைப் பக்கம் ஒரு மின்னணுக் கழிவு மறுசுழற்சிக் கம்பெனியில் நான் 2 வருஷம் பார்த்ததும் அதே வேலைதான். ஏலக்காய்க்குப் பதில் கம்ப்யூட்டர் போர்டு.

போர்டு எல்லாம் பார்க்க ஒண்ணு போலத்தான் தெரியும். ஆனா ஒரே விலை கிடையாது. பவர் சப்ளை பெட்டிக்குள்ள இருக்கிற பழுப்பு போர்டு கடைசி ரகம். மதர்போர்டு நடு ரகம். ஹார்டு டிஸ்க் அடியில் நட்சத்திரத் தலை ஸ்குரூ போட்டு மாட்டியிருக்கிற சின்ன போர்டு மேல் ரகம். உள்ளங்கை அளவுதான் இருக்கும். ஆனா சிப் நெருக்கமா இருக்கும், தொடுமுனையில் மெல்லிசா தங்கப்பூச்சு இருக்கும். அதிலேயும் இரும்பு ஒட்டியிருந்தா, சிப் பிடுங்கியிருந்தா, கருகியிருந்தா ரகம் இறங்கிடும்.

வேலைக்குச் சேர்ந்த புதுசில், மேல் ரகச் சாக்கில் நாலு பழுப்பு போர்டு கிடந்ததை நான் கவனிக்கலை. மொத்தச் சாக்கையும் கீழ் ரகமா எழுதிட்டாங்க. அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரலை. ஊரில் எங்க வீட்டு லேப்டாப்பைப் பழைய இரும்போட சேர்த்துக் கிலோக் கணக்கில் போட்டேனே, அதில் என்ன ரகம் இருந்துச்சுன்னு எனக்கு யார் சொன்னா?

2011-ல் ஆரம்பிச்ச விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் நம்ம பிள்ளைகள் வாங்கினது, இன்னைக்குப் பல வீட்டுப் பரணில் ஓடாமக் கிடக்கு. தங்கம்னு நான் சொன்னதும் யாரும் வீட்டில் பிரிக்க உட்கார்ந்திடாதீங்க. ஒரு போர்டில் இருக்கிறது துளியிலும் துளி. டெல்லி சீலாம்பூரில் போர்டை எரிச்சும் ஆசிட்டில் போட்டும் பார்த்த வீடுகளில், அந்தப் புகையைச் சுவாசிச்சது பெண்களும் குழந்தைகளும்தான். லேப்டாப் பேட்டரியைக் குத்தினா தீப்பிடிக்கும். இன்னொண்ணு, போர்டைக் கழற்றினா நம்ம போட்டோவும் பேங்க் விவரமும் அழிஞ்சிடாது. அது ஹார்டு டிஸ்க் உள்ளே இருக்கிற வட்டத் தட்டில் இருக்கு.

1.4.2023 முதல் நடப்பில் இருக்கிற மின்னணுக் கழிவு விதிப்படி, பதிவு பெற்ற நிறுவனம்தான் இதை மறுசுழற்சி செய்யலாம். அதனால என் வேண்டுகோள் இதுதான். தனித்தனியாப் போடாம, பிரிக்காம, கூட்டமைப்பு மூலமாச் சேர்த்து, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்ற நிறுவனத்துக்கு நேரடியாக் கொடுப்போம். ரகவாரியா எடை, ரகவாரியா விலை, தகவல் அழிச்சதுக்குச் சான்று, இந்த மூணையும் எழுத்தில் கேட்போம். அடுத்த கூட்டத்தில் தீர்மான நோட்டில் ஏத்துங்க அக்கா. பிரிச்சு எடை போடுற அன்னைக்கு நானும் கூட வந்து தராசுப் பக்கத்தில் நிக்கிறேன்.