பள்ளிக்கூட சிநேகம்

(அடி அண்ணாமலையில் நம் சங்கத்தின் மாணாக்கர் பரிசளிப்புக் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



பரிசு பெற்ற பிள்ளைகளைப் பாராட்டுமாறு எனக்குக் கட்டளை. மனமாரப் பாராட்டுகிறேன். ஆயினும், மதிப்பெண்ணினும் அரியதொரு செல்வத்தைப் பள்ளிக்கூடம் நமக்கு அளிக்கின்றது. அது உடன் பயில்வோரின் சிநேகம். அதைக் குறித்துச் சில சொல்வேன்.

1896ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் தேதி மதுரையிலிருந்து இம்மலையை நாடி வந்த வேங்கடராமன் என்னும் மாணாக்கரையே உலகம் ரமண மகரிஷி என்று அறியும். அமெரிக்கன் மிஷன் பள்ளியில் அவருடன் பயின்று பந்தாடிய தோழர்களுள் ஒருவர் சாப் ஜான் எனப்பட்ட அப்துல் வகாப். ஒருவர் அந்தணர், மற்றவர் இஸ்லாமியர். வேங்கடராமன் திருப்பரங்குன்றம் செல்கையில் தம்மையும் உடனழைத்துச் சென்றதைச் சாப் ஜானே பிற்காலத்தில் நன்றியோடு கூறியிருக்கிறார். ஒருவர் துறவியாகவும் மற்றவர் போலீஸ் உத்தியோகஸ்தராகவும் ஆன பின்னரும் அந்தச் சிநேகம் அற்றுப்போகவில்லை. தோழரைக் காண அவர் திருவண்ணாமலைக்கு வந்தார்.

என் கதை வேறு. பால்யத்தில் என்னோடு பயின்ற ஒருவனை வீட்டிற்கு அழைத்து வந்தேன். எங்கள் வீட்டார் அவனுக்குத் தனிக்குவளையில் நீர் கொடுத்தனர். அவன் அருந்திவிட்டுச் சென்றான்; பின் ஒருநாளும் வரவில்லை. நானும் வாய் திறந்திலேன். அது இன்றளவும் என் மனத்தை உறுத்துகின்றது.

2023ஆம் ஆண்டு ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணாக்கனும் அவன் தங்கையும் தம் வீட்டிலேயே அரிவாளால் வெட்டுண்டனர். போலீசார் பிடித்தது அவன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளையே. அதன்பின் அரசாங்கம் நியமித்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் தன் அறிக்கையை அளித்தது. மாணாக்கர் கையில் வண்ணக் கயிறு கட்டலாகாது என்றும், அவர்களை அகரவரிசைப்படி அமர்த்த வேண்டும் என்றும் அது கூறிற்று.

சாதிச் சங்கத்தின் மேடையில் இதைப் பேசலாமோ என்பீர்கள். இங்கேதான் பேச வேண்டும். கயிற்றைக் கடை விற்கிறது. வண்ணத்தின் பொருளை வீடல்லவோ கற்பிக்கிறது? நம் பிள்ளைகள் படித்து உயர வேண்டுமென்று கூடிய சங்கம், பிறர் பிள்ளைகளை விலக்கி வைக்கக் கூடியதன்று.

ஆகவே பெற்றோர்களுக்கு என் விண்ணப்பம் இது. உங்கள் பிள்ளை தோழனை அழைத்து வந்தால், பெயரைக் கேளுங்கள், படிப்பைக் கேளுங்கள், குலத்தைக் கேளாதீர்கள். இருவருக்கும் ஒரே பந்தியில் இலை போடுங்கள். மாணாக்கர்களே, கையில் கயிறிருந்தால் இன்றே அவிழ்த்துவிடுங்கள்.

நம் ஊர் வழியே பௌர்ணமிதோறும் கிரிவலம் வருவோரை எக்குலத்தார் என்று நாம் வினவுவதில்லை. அந்த வழக்கம் நம் வீட்டுத் திண்ணைக்கும் வரட்டும்.