விலாவில் விழும் விசை



மண்டபத்திலிருந்து பாம்பனுக்குப் போகும் ரயில் பாலம் ஏறக்குறைய மேற்கிலிருந்து கிழக்கே கிடக்கிறது. ஆடியில் தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கமிருந்து காற்று வரும். மார்கழியில் வடக்கே பாக் விரிகுடாப் பக்கமிருந்து வாடை வரும். எந்தக் காற்றானாலும் பாலத்தை விலாவில்தான் இடிக்கும். அந்த இடியைப் பாலம் எப்படித் தாங்குகிறது என்பதைப் பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பாலம் எவ்வளவு நகர்ந்தது என்று அளக்க வைக்கிறோமே, முழ நீளக் கருவி, அது எப்படித் தாங்கும் என்பதை இன்று பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

இரும்புப் பாலம் நகருமா? நகரும். 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறந்த புதிய பாலத்தின் தூக்கு கர்டர் 72.5 மீட்டர் நீளம். அவ்வளவு நீள எஃகு, விடிகாலைக் குளிரிலிருந்து நண்பகல் வெயிலுக்கு 20 டிகிரி சூடேறினால் சுமார் 17 மில்லிமீட்டர் நீளும். சாயங்காலம் சுருங்கும். ஆண்டு முழுக்க, நாள் தவறாமல் இது நடக்கிறது. கப்பலுக்கு வழிவிட அதே கர்டர் 17 மீட்டர் உயரம் எழவும் வேண்டும். அப்போது இரண்டு முனையும் ஒரே மட்டமாக ஏற வேண்டும். வீட்டில் மேசை இழுப்பறையை ஒரு ஓரத்தில் மட்டும் பிடித்து இழுத்துப் பாருங்கள். கோணிக்கொண்டு சிக்கிவிடும். அறுநூறு டன்னுக்கு மேல் கனக்கும் இரும்பு அப்படிக் கோணக் கூடாது. அதனால் இத்தகைய பாலங்களில் ஒவ்வொரு முனையும் எங்கே இருக்கிறது என்பதை இயக்குகிறவருக்கு நொடிக்கு நொடி சொல்ல ஒரு சென்சார் வேண்டியிருக்கிறது.

நகர்வை அளக்கும் சென்சாரின் எளிய வடிவம் இதுதான்: ஒரு கூடு, அதற்குள் போய்வரும் ஒரு தண்டு. கூட்டை அசையாத தூணில் கட்டுகிறோம், தண்டின் நுனியை நகரும் கர்டரில் கட்டுகிறோம். தண்டு எவ்வளவு வெளியே வந்ததோ அதுதான் அளவு.

சில ஆண்டுகளுக்கு முன் இதே கடற்கரையில், ஒரு படகுத்துறையின் இரும்பு மேடையில் இப்படி ஒன்றை நாங்கள் பொருத்தினோம். நல்ல கருவி, விலையும் அதிகம். இரண்டு முனையையும் போல்ட் போட்டு இறுக்கிவிட்டு, வேலை கச்சிதமாக முடிந்தது என்று வீட்டுக்குப் போனோம். நான்கு மாதம் ஓடவில்லை. கழற்றிப் பார்த்தால் தண்டைத் தாங்கும் புஷ் ஒரு பக்கமாகத் தேய்ந்து முட்டை வடிவத்தில் இருந்தது. மேடை நீளவாட்டில் மட்டும் நகரும் என்று நாங்கள் நினைத்திருந்தோம். படகு வந்து அணையும்போதெல்லாம் அது பக்கவாட்டிலும் ஆடியிருக்கிறது. அந்த ஆட்டம் முழுவதையும் பென்சில் பருமனுள்ள ஒரு தண்டின் தலையில் கட்டிவிட்டோம்.

கணக்கு போட்டபோதுதான் உறைத்தது. தண்டு 200 மில்லிமீட்டர் வெளியே நீட்டியிருக்கிறது, புஷ்ஷின் நீளம் 20 மில்லிமீட்டர் என்று வையுங்கள். நுனியில் பக்கவாட்டில் ஒரு கிலோ விசை தள்ளினால், நெம்புகோல் கணக்கில் புஷ்ஷின் முன் விளிம்பில் 11 கிலோ அழுத்தம் விழும். விளிம்பு என்பது ஒரு கோடுதான். அவ்வளவும் அந்தக் கோட்டில் உட்காரும். புஷ்ஷை 80 மில்லிமீட்டர் ஆக்கினால் அதே ஒரு கிலோவுக்கு மூன்றரை கிலோதான். கூடு கொஞ்சம் நீளமாகும், அவ்வளவே. ஆயுளோ பல மடங்கு கூடும். என்னைக் கேட்டால், விலைப்பட்டியலில் துல்லியம் எவ்வளவு என்று பார்ப்பதற்கு முன்னால் புஷ் எவ்வளவு நீளம் என்று பார்க்க வேண்டும்.

அடுத்தது முனைகள். இறுக்கிய போல்ட்டுக்குப் பதில் உருண்டை மூட்டுள்ள ராட் எண்ட் பேரிங் போட்டால், நம் இடுப்பு மூட்டு போல எந்தப் பக்கமும் திரும்பிக்கொடுக்கும். இரண்டு முனையிலும் போட வேண்டும். ஒன்றில் மட்டும் போட்டுவிட்டு மற்றதை இறுக்கினால் விசை இறுக்கிய பக்கம் போய் நிற்கும். பக்கவாட்டு ஆட்டம் பெரிதாக இருக்கும் இடத்தில் அதுவும் போதாது. தனியாக ஒரு வழிகாட்டித் தண்டவாளம் வைத்து, இடியை அது வாங்கட்டும், சென்சார் அளக்க மட்டும் செய்யட்டும் என்று பிரித்துவிட வேண்டும். சுமப்பதும் அளப்பதும் ஒரே தண்டின் வேலையானால் இரண்டும் கெடும்.

இனி உப்பு. காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் அரிப்புச் சோதனைக்கு ஒரு நிலையத்தை மண்டபம் முகாமில் வைத்திருக்கிறது. இரும்பை இங்கத்திய காற்று தின்னும் வேகம் அப்படி. 1914-இல் திறந்த பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தியதற்கும் இந்த அரிப்பே காரணம். சென்சாருக்குள் உப்பு வேறு வழியாகவும் வேலை செய்கிறது. வெளியே நீண்ட தண்டில் கடற்சாரல் படுகிறது, வெயிலில் காய்ந்து உப்புப் பொடியாகிறது. தண்டு உள்ளே திரும்பும்போது அந்தப் பொடியைக் கூட்டின் வாயை அடைக்கும் சீலின் உதட்டில் உப்புத்தாள் போலத் தேய்த்துக்கொண்டே போகிறது. சீல் கிழிந்த பிறகு தண்ணீர் நுழைய நேரமாகாது. அதனால் தண்டுக்கு மடிப்பு மடிப்பாக ரப்பர் உறை போட வேண்டும். துருப்பிடிக்காத எஃகிலும் சாதாரண 304 ரகத்தைத் தவிர்த்து, மாலிப்டினம் சேர்த்த 316 ரகம் வாங்க வேண்டும். அலுமினியக் கூட்டில் எஃகுத் திருகைப் போட்டால் உப்பு ஈரத்தில் இரண்டும் பேட்டரி போலாகி அலுமினியம் கரையும்.

தேய்வதற்கே இடம் தராத வகையும் உண்டு. பழைய பொட்டன்ஷியோமீட்டர் வகைச் சென்சாரில் ஒரு தொடுமுனை தடத்தில் உரசிக்கொண்டே போகும். ரயில் அதிர்வில் ஒரே இடத்தில் நடுங்கி நடுங்கி அங்கேயே குழி பறித்துவிடும். காந்தத்தால் அளக்கும் வகையில் உரசல் கிடையாது. மூடிய குழாய்க்குள் ஒரு கம்பி, குழாய்க்கு வெளியே தொடாமல் ஒரு காந்த வளையம். கம்பியில் ஒரு மின்துடிப்பை அனுப்பினால், காந்தம் இருக்கும் இடத்தில் கம்பி நூலிழை முறுக்குக் கொள்ளும். அந்த முறுக்கு ஒலியலையாக நொடிக்குச் சுமார் 2,800 மீட்டர் வேகத்தில் ஓடி வரும். வந்து சேர எடுத்த நேரத்தை வைத்துத் தூரத்தைச் சொல்லிவிடலாம். வளையத்துக்கும் குழாய்க்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி இருப்பதால், அந்த அளவுக்குள் பக்கவாட்டில் எவ்வளவு ஆடினாலும் கவலையில்லை. வளையத்தைப் பிடிக்கும் தாங்கியை மட்டும் சாதா இரும்பில் செய்துவிடாதீர்கள். காந்தப் புலத்தை அது இழுத்துக்கொள்ளும்.

எங்கள் படகுத்துறையில் இரண்டாவது முறை இந்தக் காந்த வகையை வைத்தோம். ஆறாம் மாதம் அளவு தாவத் தொடங்கியது. வளையம் நன்றாக இருந்தது, குழாயும் நன்றாக இருந்தது. கேபிள் மேலிருந்து இறங்கி நேரே கூட்டின் தலைக்குள் நுழைந்திருந்தது. ஐப்பசி மழை அதன் மேல் வழிந்தே உள்ளே போயிருந்தது. கூட்டைத் திருப்பி, கேபிள் நுழையும் வாயைக் கீழ்நோக்கி வைத்தோம். நுழைவதற்கு முன் கேபிளை ஒரு சாண் தொங்கவிட்டு மேலே ஏற்றிக் கட்டினோம். தண்ணீர் இப்போது அந்தத் தொங்கலின் அடிக்கு வந்து, அங்கிருந்தே சொட்டிவிடுகிறது.