மறைத்தலும் நஞ்சே
(மூங்கில்துறைப்பட்டில் நிகழ்த்தப்பெற்ற உரை)



தென்பெண்ணைக் கரையில் அமைந்த மூங்கில்துறைப்பட்டு, கரும்பு வயல்களாலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையாலும் பெயர்பெற்ற ஊர். இம்மாவட்டத்தின் தலைநகரான கள்ளக்குறிச்சியில், கருணாபுரம் பகுதியில், 2024 ஜூன் மாதம் விற்கப்பட்ட கள்ளச்சாராயம் 60-க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. அதற்கு முந்தைய ஆண்டு மே மாதத்தில் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இவ்வாறே பலர் மாண்டனர்.

அச்சாராயத்தில் கலந்திருந்தது மெத்தனால் என்னும் தொழிற்சாலை ரசாயனம். நிறத்தாலோ மணத்தாலோ குடிப்பவர் அதனைப் பிரித்தறிய இயலாது. உடலுக்குள் சென்றபின் கல்லீரல் அதனை ஃபார்மால்டிஹைடாகவும், பின்னர் ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. இவ்வமிலம் பார்வை நரம்பைச் சிதைக்கிறது. உயிரணுக்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்தவொட்டாமல் தடுக்கிறது. இக்கேடு வெளிப்படப் பல மணி நேரம், சிலருக்கு ஒரு நாளுக்கு மேலும் ஆகும். அதுவரை குடித்தவர் அதனை வழக்கமான போதை என்றே எண்ணியிருப்பார். வயிற்றுவலி, வாந்தி, கண் மங்கல் தோன்றியபின்னும் வெளியே சொல்ல நாணினால், உயிர்காக்கும் நேரம் வீணாகிறது. விரைந்து மருத்துவமனை சேர்ந்தோர்க்கு மாற்று மருந்தும் ரத்தச் சுத்திகரிப்பும் உண்டு.

நஞ்சு கலவாத மதுவும் கெடுக்கவே செய்யும். அதற்கு ஆண்டுகள் ஆகும் என்பதே வேறுபாடு. மது, கஞ்சா, புகையிலை, மருத்துவர் சீட்டின்றி விழுங்கும் வலிநிவாரணி மாத்திரை ஆகிய யாவும் மூளையில் டோபமைன் சுரப்பைத் தூண்டி இன்பம் காட்டுகின்றன. நாளடைவில் அதே இன்பத்துக்கு மிகுதியான அளவு வேண்டப்படுகிறது. பின்னர் அது இன்றி இயல்பாக இருக்கவே முடியாத நிலை வருகிறது. நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் நேர்ந்து உயிருக்கே ஊறு வரலாம். ஆகவே, அறையில் பூட்டி வைத்துத் திருத்த முயல்வது ஆபத்தானது. குடியை விடுவிப்பதும் மருத்துவர் மேற்பார்வையில் நிகழவேண்டும்.

சமந்தபத்திரர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் மது, ஊன், தேன் ஆகிய மூன்றையும் விலக்குதலை ஐந்து அணுவிரதங்களோடு சேர்த்து, இல்லறத்தார்க்குரிய எட்டு மூலகுணங்களாக வகுத்தார். தலைமுறைகளாக நம் இல்லங்களைக் காத்துவரும் வேலி இது. எனினும், வேலி தாண்டிய பிள்ளை ஒருவன் இருப்பின், உறவினர் அறிந்தால் மானம் போகும், பெண் கொடுக்க மாட்டார்கள் என்று அவனை மறைத்து வைக்கும் வழக்கமும் உண்டு. விரதம் காக்கும் இல்லத்தில் இந்த நாணம் இன்னும் மிகுதி. மறைக்கும் ஒவ்வோர் ஆண்டும் நோய் முற்றுகிறது. மனைவி மக்கள் தனியே துயருறுகின்றனர்.

அத்தகையவனை இழித்துரைக்காமல், நோயுற்றவனாகக் கருதி அழைத்துச் செல்லுங்கள். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவை அணுகலாம். 14446 என்னும் கட்டணமில்லா எண்ணில் ஆலோசனை பெறலாம். மீண்டு வருபவனை விழாவிலும் பந்தியிலும் முன்போலவே அமர்த்துங்கள். இளையோர்க்கு விரதத்தின் பெருமையோடு இந்த உண்மைகளையும் எடுத்துரையுங்கள்.