விளையாட்டில் விளையும் உறவு

(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வீடியோ விளையாட்டு என்றதும் பெரியோர் முகஞ் சுளிப்பதை நான் அறிவேன். துப்பாக்கியும் ஓட்டமும் ஓசையுமன்றி அதில் வேறென்ன உண்டு என்பது அவர்கள் கேள்வி. மனித உறவை உள்ளபடி காட்டுங் கதைகளும் அதில் உண்டு என்பதே என் விடை. எனினும், எல்லா விளையாட்டுக்களும் உறவை ஒரே வகையிற் காட்டுவதில்லை.

2016இல் வெளிவந்த 'ஸ்டார்டியூ வெலி' என்பதை எடுத்துக்கொள்வோம். அதிலே ஊரவர் ஒருவருக்கு வாரத்துக்கு இரண்டு பரிசுகள் கொடுக்கலாம். அவர் விரும்பும் பொருளைக் கொடுத்தால் நட்பு ஏறும். அந்த ஏற்றத்தை இதயக் குறிகளால் எண்ணிக் காட்டுவர். இனிய விளையாட்டுத்தான். ஆயினும், அன்பை எண்ணத் தொடங்கியதும் அது பண்டமாற்றாகிவிடுகின்றதன்றோ?

இதற்கு வேறானது, 2013இல் சுவீடன் நாட்டில் உருவான 'பிரதர்ஸ்', அஃதாவது 'சகோதரர்'. அதனை நெறிப்படுத்தியவர் திரைப்பட நெறியாளரான ஜோசெப் பாரெஸ். நோயுற்ற தந்தைக்கு மருந்துநீர் தேடி அண்ணனும் தம்பியும் புறப்படுகின்றனர். அவர்கள் பேசுவது எவருக்கும் விளங்காத கற்பனை மொழி. ஆதலின் அன்பைச் சொல்லால் விளக்க வழியில்லை. ஆடுபவரின் இடக்கை அண்ணனை நடத்தும். வலக்கை தம்பியை நடத்தும். தாய் நீரில் மூழ்கி இறந்தமையால் தம்பிக்கு நீரென்றால் அச்சம். அண்ணனின் முதுகைப் பற்றிக்கொண்டே அவன் நீரைக் கடப்பான்.

முடிவை நெருங்கும்போது அண்ணன் இறக்கின்றான். இடக்கைக்கு வேலை இல்லாது போகின்றது. மருந்தோடு திரும்பும் தம்பியின் எதிரே நீர் பெருகி நிற்கின்றது. வலக்கை எவ்வளவு முயன்றும் அவன் இறங்க மறுக்கின்றான். அண்ணனுக்குரிய இடப்பக்க விசையை அழுத்திய பின்னரே துணிந்து நீந்துகின்றான். இறந்தவன் விட்டுச்சென்ற துணிவை வசனம் எதுவும் கூறவில்லை. ஆடுபவரின் விரலே அதை உணர்ந்துகொள்கின்றது.

நாவலிலும் நாடகத்திலும் பிறர் துயரைக் கண்டு உருகுகின்றோம். இங்கோ நமது கையே அத்துயரிற் பங்கு கொள்கின்றது. இக்கலைக்கே உரிய ஆற்றல் இதுவாகும்.

இளைஞர்களே, ஒரு விளையாட்டை முடித்தபின் எத்தனை பேரை வென்றோம் என்று எண்ணுவதோடு நில்லாது, யாரை அறிந்தோம் என்றும் உங்களைக் கேளுங்கள். பெரியோர்களே, நான் கூறிய இக்கதை ஏறக்குறைய மூன்று மணி நேரத்தில் முடிவது. பிள்ளைகள் ஆடும்போது ஒருமுறை அருகிலிருந்து பாருங்கள். அதன்பின் நன்றென்றோ தீதென்றோ தீர்ப்புக் கூறுங்கள்; தலைவணங்கிக் கேட்போம்.