புங்க மரத்தடியில் இறங்கிவிட்டேன்

விருத்தாசலம் என்றால் பழமலைநாதர் கோயில், மணிமுத்தாறு, பீங்கான் பொம்மை. இதெல்லாம் நான் சொல்லியா உங்களுக்குத் தெரிய வேண்டும்? நாம் உளுந்தூர்ப்பேட்டை சாலையைப் பிடித்து மங்கலம்பேட்டையில் இறங்குவோம். ஒரு டீயைக் குடித்துவிட்டு ஊரை ஒரு சுற்றுச் சுற்றலாம் என்றுதான் போனேன். டீக்கடைக்குப் பின்னால் ஒரு புங்க மரம் நின்றது. நடை அதோடு சரி!

பங்குனிக் கடைசி. எண்ணெய் தடவிவிட்டதுபோல் மினுமினுக்கும் தளிர். தரையெல்லாம் காய்ந்த காய். ஒன்றைப் பொறுக்கினேன். தட்டையாக, கட்டையாக, நுனியில் கிளி மூக்குபோல் ஒரு வளைவு. அவரைக்குச் சொந்தம்தான், ஆனால் காய்ந்தாலும் தானாக வெடிக்காது. அப்படியே தண்ணீரில் மிதந்துபோய்க் கரை ஒதுங்கிய இடத்தில் முளைத்துக்கொள்ளும். கடலோரத்திலும் ஆற்றங்கரையிலும் புங்கம் நிற்பது அதனால்தான்.

கோடை விடுமுறையில் எங்கள் ஆயா ஆளுக்கொரு கோணிப்பையைக் கொடுத்துக் காய் பொறுக்க விரட்டிவிடுவார். சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து கல்லால் தட்டுவோம். ஒரு காய்க்குப் பெரும்பாலும் ஒரே கொட்டை, செம்பழுப்புத் தோலோடு. ஆசைப்பட்டு ஒருநாள் கடித்துவிட்டேன். ராத்திரிச் சோறும் கசந்தது!

கொட்டை செக்குக்குப் போகும். எடையில் கால் பங்குக்குமேல் எண்ணெய்தான். மாட்டுக் கொட்டகை விளக்குக்கு அது, எங்கள் சொறி சிரங்குக்கும் அதே. பிண்ணாக்கு வயலுக்கு எரு. கரையான் அண்டாது என்பார்கள். காயை நூலில் கோத்துக் குழந்தை கழுத்தில் கட்டினால் கக்குவான் இருமல் வராதாம். எனக்கும் கட்டினார்கள், இருமல் வந்தது, அது வேறு கதை.

இருபது வருஷத்துக்கு முன்னால் காட்டாமணக்கோடு சேர்த்துப் புங்கத்தையும் டீசலுக்கு மாற்று என்று கொண்டாடினார்கள். சத்தம் அடங்கிவிட்டது. கோயில் வாசல் கடைகளில் விற்கும் ஐங்கூட்டெண்ணெயில் மட்டும் நெய், நல்லெண்ணெய், இலுப்பை, வேம்போடு புங்கமும் இன்னும் இருக்கிறது.

அடடா, நேரம் முடியப்போகிறது, ஊரை நான் காட்டவே இல்லை. பரவாயில்லை, நீங்களே போய்ப் பாருங்கள். திரும்பும்போது விருத்தாசலத்தில் ஓர் அகல் வாங்கிப் புங்க எண்ணெய் விட்டு ஏற்றுங்கள். வாசலில் வையுங்கள்; அறைக்குள் வேண்டாம், வாடை போகாது.