இரண்டடித் தண்ணீரின் கணக்கு
(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பருவநிலை மாற்றம் என்றாலே துருவத்துப் பனியைப் பற்றித்தான் பேசுகிறோம். நான் கச்சிராயபாளையத்தைத் தாண்டப் போவதில்லை.

கல்வராயன் மலைத் தண்ணீர் வந்து சேரும் கோமுகி அணையின் நீர்மட்டம் 46 அடி. மழைக்காலத்தில் பாதுகாப்பு கருதி 44 அடியோடு நிறுத்தி, மிச்சத்தை ஆற்றில் திறந்து விடுவது வழக்கம். பெருமழைக் காலத்துக்கு இதுவும் ஒரு முன்னேற்பாடுதான். பலன் யாருக்கு? ஆற்றங்கரை ஊர்களுக்கு. செலவு யாருக்கு? பின்னால் தண்ணீர் போதாமல் தவிக்கும் கடைமடை விவசாயிக்கு. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபின், பக்கத்துத் தென்பெண்ணை பெருக்கெடுத்ததைப் பார்த்தவர்கள் அந்த இரண்டடி வீண் என்று சொல்லமாட்டார்கள். ஆனாலும் கடைமடைக்காரர் நஷ்டம் நஷ்டம்தானே?

சரி, மலைக்குப் போவோம். சரிவில் மரம் நின்றால் மண் அரிப்பு குறையும், அணையில் வண்டல் சேருவதும் குறையும். லாபம் கீழே நெல்லும் கரும்பும் வைக்கிற நமக்கு. அதற்காக சாமை, தினை விதைக்கிற மலை நிலத்தையும் மேய்ச்சல் காட்டையும் அடைத்துவிட்டால், செலவு முழுக்க மலைவாழ் மக்கள் தலையில். மொத்தத்தில் லாபம் என்று தாளில் வரும். அவர்கள் வீட்டு உலையில் அரிசியாக வராது.

இன்னொன்றும் பாருங்கள். 30 வருஷம் கழித்துக் கிடைக்கும் 100 ரூபாய் பலனை, வருஷத்துக்கு 10 சதவீதம் கழித்துக் கணக்கிட்டால் இன்றைய மதிப்பு 6 ரூபாய்கூட இல்லை. 3 சதவீதம் என்றால் 41 ரூபாய். அதே மரம், அதே மழை. சதவீதத்தை மாற்றினால் தள்ளிவைத்த திட்டம் ஏற்ற திட்டமாகிவிடும்! ஆகவே திட்ட அறிக்கையின் கடைசி எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். எத்தனை சதவீதம் போட்டார்கள் என்று கேளுங்கள்.

கணக்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கையில் இருக்கும் பணம் கொஞ்சம். எதை முதலில் செய்வது என்று தெரியக் கணக்குப் போட்டே ஆகவேண்டும். ஆனால் மொத்த லாபத்துக்குக் கீழே இன்னும் இரண்டு வரி எழுதுங்கள்: கொடுத்தவர் யார், பெற்றவர் யார். பெற்றவர் கொடுத்தவருக்கு ஈடுசெய்ய வழி இருந்தால்தான் மலையில் வைத்த கன்று மரமாகும்.

பொருளியலும் கணிதமும் படிக்கும் மாணவர்கள் இந்த ஒரு அணைக்காவது அப்படியொரு கணக்கு எழுத வேண்டும். அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் அதை நீங்கள் வாசிக்க, நாங்கள் கேட்க வேண்டும்.