படுக்கை விரிப்பு வாங்கும்போது

விடியுமுன் எழுந்து பால்மரம் சீவவும் செம்பனைக் குலை வெட்டவும் போகிறவர்களுக்கு, இரவில் கிடைக்கும் ஆறேழு மணி நேர உறக்கம்தான் மறுநாள் உழைப்புக்கு முதல். அந்த உறக்கத்தில் நம் உடம்புக்கு அடியில் கிடக்கும் துணியைப் பற்றி நாம் அதிகம் யோசிப்பதில்லை. சம்பளம் வாங்கிய வாரம் இரவுச் சந்தைக்குப் போகிறோம். பெரிய பூப்போட்ட விரிப்பு கண்ணைப் பறிக்கிறது. விலை பேசி வாங்கி வந்துவிடுகிறோம். எங்கள் வீட்டுக்கும் அப்படி ஒன்று வந்தது. கடையில் அட்டை போல விறைப்பாக இருந்த துணி, இரண்டாவது சலவையில் கொசுவலையாகிவிட்டது!

ஏன் அப்படி ஆயிற்று? பஞ்சைச் சுத்தம் செய்து, சிக்கெடுத்து, முறுக்கி நூலாக்குகிறார்கள். தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டும் நூல் பாவு. குறுக்கே ஓடுவது ஊடை. தறியின் உராய்வில் அறுந்து போகாமலிருக்கப் பாவு நூலுக்குக் கஞ்சி போடுவார்கள். நெய்து முடிந்ததும் அந்தக் கஞ்சியை நீக்கி, வெளுத்து, சாயமேற்றுவது முறை. ஆனால், நூலை மிச்சம் பிடித்து இடைவெளி விட்டு நெய்த துணிக்கு மறுபடியும் நிறையக் கஞ்சி போட்டு, உருளைகளுக்கிடையே அழுத்தி எடுத்தால், அதுவும் கனத்த துணி போலவே தோன்றும். கஞ்சி சலவையில் போய்விடும், இடைவெளிதான் மிஞ்சும்.

ஆகவே, கடையிலேயே விரிப்பின் ஒரு மூலையை இரண்டு கைகளாலும் கசக்கித் தேய்த்துப் பாருங்கள். வெள்ளைத் தூள் உதிர்ந்தால் வேண்டாம். விளக்குக்கு நேரே தூக்கிப் பிடியுங்கள். இழைகள் நெருக்கமாக, ஒரே சீராகத் தெரிய வேண்டும். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும், பணம் நம்முடையது.

அடுத்து, பருத்தியா, பாலியெஸ்டரா? பாலியெஸ்டர் கசங்காது, சீக்கிரம் காயும், விலையும் குறைவு. ஆனால் வியர்வையை உறிஞ்சாது. நம் நாட்டுப் புழுக்கத்தில் முதுகு ஒட்டிக்கொள்ளும். பிள்ளைகளுக்கு வேர்க்குரு வரும். இரண்டும் கலந்ததில் பருத்தி அதிகமாக இருந்தால் ஓரளவு பரவாயில்லை. வாங்கியதில் சந்தேகம் இருந்தால், தையல் ஓரத்தில் ஓர் இழையை உருவி, வீட்டுக்கு வெளியே வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி, காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து பொடிச் சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும். இதைப் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம்.

பெட்டியின் மேல் 1000 இழை என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு மயங்க வேண்டியதில்லை. ஒரு சதுர அங்குலத்தில் உள்ள பாவு, ஊடை நூல்களின் கூட்டுத் தொகைதான் அந்தக் கணக்கு. சிலர் ஒரு நூலுக்குள் முறுக்கியிருக்கும் புரிகளையும் தனித்தனியே எண்ணித் தொகையைப் பெருக்கிவிடுகிறார்கள். நமக்கு 200 முதல் 300 வரை போதும்.

அளவில்தான் பலரும் ஏமாறுகிறோம். ஒற்றைக் கட்டில் மெத்தை 36 அங்குல அகலம், 75 அங்குல நீளம், 6 அங்குலக் கனம் என்று வையுங்கள். பக்கங்களில் இறங்கி அடியிலும் செருக, 60 அங்குல அகலமும் 99 அங்குல நீளமும் வேண்டும். பருத்தி முதல் சலவைகளில் சுருங்கும் என்பதால், இன்னும் நாலைந்து அங்குலம் கூடுதலாகவே பாருங்கள்.

புது விரிப்பை ஓர் இரவு தனியாக ஊறவைத்து அலசிவிட்டு விரியுங்கள். சாயம் போகிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். நாள்பட நாள்பட நடுப்பகுதிதான் முதலில் நையும். ஓரங்கள் புதிதாகவே இருக்கும். அப்போது விரிப்பை நீளவாக்கில் நடுவே வெட்டி, இரண்டு ஓரங்களையும் நடுவில் சேர்த்துத் தைத்து, நைந்த பக்கங்களை மடித்துத் தைத்துவிடுங்கள். அதுவும் நைந்த பிறகு, நல்ல துண்டாகப் பார்த்து வெட்டினால் இரண்டு தலையணை உறைகளாவது தேறும்.